பாத்துட்டு சொல்ற அம்மா

வாயைத் திறந்து ‘வேண்டாம்’ என்று ஒரு தடவைகூடச் சொல்லாமல், ஆம்பூர், வேலூர் கடைத்தெருக்களில் பாதிச் சரக்கைத் தின்று பார்த்து, உடுத்திப் பார்த்து, காலில் போட்டு நடந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்த ஒரு பெண்மணியை எனக்குத் தெரியும். நான் வேலை தேடிப் போன ஆஸ்பத்திரியில் நர்ஸ்களுக்கு இன்சார்ஜ். பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் பின்னால் ஒரு ‘அவர்கள்’ சேர்க்க வேண்டியிருக்கும். எனக்கு அது வராது.

திராட்சையிலிருந்து ஆரம்பிக்கிறேன். சாயங்காலம் வேலை முடிந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அந்தம்மாவோடு நடக்கும் தலையெழுத்து எனக்கு இருந்தது. வழியெல்லாம் பழ வண்டிகள் நிற்கும். முதல் வண்டியில் இரண்டு திராட்சை வாய்க்குள் போகும். “புளிக்குதே.” அடுத்த வண்டியில் இரண்டு. “தோலு கெட்டியா இருக்குது.” அதற்கடுத்த வண்டியில் ஒரு சப்போட்டாவை அழுத்திப் பார்த்து, அழுத்தியதால் அது பிதுங்கிவிட்டது என்று அதையும் தின்பார். கடைசி வண்டி வருவதற்குள் அந்தம்மாவின் ராத்திரிப் பலகாரம் முடிந்திருக்கும். “நாளைக்கு வரேன், பாத்துட்டு வாங்கிக்கறேன்” என்று சொல்லிப் பஸ் ஏறிவிடுவார்.

ஒருநாள் ஒரு வண்டிக்கார பாய், தூரத்தில் அந்தம்மாவின் வெள்ளைக் கோட்டைப் பார்த்ததுமே பழத்தட்டைக் கோணித் துணியால் மூடினார். அந்தம்மா துணியின் நுனியைத் தூக்கி, “இன்னா பாய், பழம் தூங்குதா?” என்று கேட்டு, ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பாய் என்னைத்தான் முறைத்தார். எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. ஓசி என்றால் பினாயிலையும் குடிப்பார்கள் என்று சொல்வார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் பினாயில் வைத்திருந்த அலமாரியின் சாவியும் அந்தம்மாவிடம்தான் இருந்தது.

நான் கோலார் தங்கவயல்காரி. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம். நர்சிங் படித்ததும், நர்ஸாகப் பதிவு செய்துகொண்டதும் கர்நாடகாவில். கல்யாணமாகி ஆம்பூர் வந்தேன். வீட்டுக்காரர் ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவு. மாநிலம் மாறினால் நர்ஸுக்குப் பிழைப்பு அப்படியே கூட வராது என்பது எனக்கு அப்போது முழுசாகத் தெரியாது. அங்கே பதிவு செய்தவள் இங்கே வேலை செய்ய வேண்டுமென்றால், அங்கிருந்து தடையில்லாச் சான்று வர வேண்டும், அதை இங்கே கொடுத்து மறுபடியும் பதிவு செய்ய வேண்டும். பெங்களூருக்கும் சென்னைக்கும் நடுவில் காகிதம் நடந்துதான் வரும் போலிருக்கிறது. அது வரும்வரை நான் ஊசி பிடிக்கத் தெரிந்த ஒரு மருமகள், அவ்வளவுதான். படியேறிய ஆஸ்பத்திரிகளில் எல்லாம் நல்லவிதமாகப் பேசினார்கள். பதிவு வந்ததும் வாம்மா என்று அனுப்பி வைத்தார்கள். இப்போது நான் வேலூரில் இருக்கிறேன், முறையான பதிவு, முறையான வேலை. ஆனால் அன்றைக்கு அந்த நிலைமை.

மாமியார் கெட்டவரில்லை. ஆனால் கணக்குத் தெரிந்தவர். பொங்கல் வரைக்கும் பார், அதற்கு மேல் கம்பெனியில் ஸ்டிச்சிங் பிரிவில் ஒரு மெஷின் காலியாகிறது, சூப்பர்வைசரிடம் சொல்லி வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். தோல் தைக்கிற வேலையை நான் கேவலமாக நினைக்கவில்லை. எங்கள் தெருவே அந்தச் சோற்றைத்தான் தின்றது. காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போகிற பெண்கள் எல்லாரும் என்னைவிடத் தைரியசாலிகள். ஆனால் அந்த பஸ்ஸில் ஒருநாள் ஏறிவிட்டால் நான் திரும்ப நர்ஸ் ஆகப்போவதில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. எங்கள் வீட்டில் நான்தான் முதல் நர்ஸ். அதை விட மனசு வரவில்லை.

அந்த நேரத்தில்தான் அந்தம்மாவின் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பைபாஸ் பக்கம் இரண்டு மாடிக் கட்டடம். பெரிய டாக்டர் ஆரம்பித்தது, அவர் மகன் சின்ன டாக்டர் நடத்தினார். அந்தம்மா என் சான்றிதழைப் படிக்கவில்லை. என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், என் செருப்பைப் பார்த்தார்.

“கே.ஜி.எஃப்பா? அங்க இன்னாத்த கத்துக்குடுத்திருக்கப் போறாங்க” என்றார். பிறகு, ஏதோ பெரிய வரம் கொடுப்பவர் மாதிரி, “ட்ரையல் வா. பாத்துட்டு சொல்றேன்.”

சம்பளம் கிடையாது. மதியம் சாப்பாடு உண்டு. நான் சந்தோஷமாகத்தான் வீட்டுக்குப் போனேன். ஒரு ஆஸ்பத்திரியில் காலை வைத்துவிட்டேன் என்று மாமியாரிடம் சொன்னேன். அவர் பொங்கலைப் பற்றி அன்றைக்குப் பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் எனக்குப் பெயர் இல்லாமல் போயிற்று. சிஸ்டர் என்றும் யாரும் கூப்பிடவில்லை. அந்தம்மாவுக்கு நான் “ஏ ட்ரையலு.” அதைக் கேட்டுக் கேட்டு மற்றவர்களுக்கும் அதுவே பழகிவிட்டது. ஒரு கிழவர், டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டிருந்தவர், அது என் பெயர் என்றே நினைத்துக்கொண்டு, “இன்னாம்மா பேரு வச்சிருக்காங்க உங்க ஊர்ல” என்று என்னிடம் வருத்தப்பட்டார்.

தரை துடைக்கிற அக்கா ஒருவர் இருந்தார். பேரணாம்பட்டுப் பக்கம். அவர்தான் மெதுவாக விஷயத்தைச் சொன்னார். அந்த ஆஸ்பத்திரியில் எப்போதும் ஒரு ட்ரையல் பெண் உண்டாம். வெளி மாநிலத்தில் படித்துவிட்டு, இங்கே பதிவுக்குக் காத்திருக்கிறவளாகப் பார்த்துத்தான் அந்தம்மா எடுப்பாராம். காகிதம் இல்லாதவள் வாய் திறக்க மாட்டாள், சம்பளம் கேட்க மாட்டாள், யாரிடமும் போய்ச் சொல்ல மாட்டாள். எனக்கு முந்தி சித்தூர் பக்கத்துப் பெண் ஒருத்தி. பதிவு வந்த அன்றைக்கு அவள் ஆற்காடு போய் மக்கன் பேடா வாங்கிக்கொண்டு வந்தாளாம். அந்தம்மா ஒன்றைத் தின்றாராம், நன்றாக இருக்கிறதா என்று பார்க்க இன்னொன்றைத் தின்றாராம், மீதியைப் பையில் போட்டுக்கொண்டு, “ட்ரையல் முடிஞ்சிச்சும்மா. ஸ்டாஃபுக்கு இப்ப இடம் இல்ல. இருந்தா பாத்துட்டு சொல்லி அனுப்பறேன்” என்றாராம். அந்தப் பெண் சீருடையோடு படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாளாம்.

“உனக்கு பதிவு வந்தா ஸ்வீட்டு கீட்டு வாங்கியாராத” என்றார் அந்த அக்கா. அன்றைக்கு எனக்கு விளங்கிவிட்டது. நான் எந்தக் காகிதத்துக்காகச் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தேனோ, அது வந்தால் எனக்கு அங்கே வேலை போகும். வராவிட்டால் பொங்கலுக்குப் பிறகு கம்பெனி பஸ்.

அப்படியும் ஏன் போனாய் என்று கேட்பீர்கள். கை மறந்துவிடக் கூடாது என்று போனேன். நரம்பு பிடித்து, பிபி பார்த்து, கட்டுப் போட்டு, ஒரு நாளின் முடிவில் கையில் ஸ்பிரிட் வாசனையோடு வீட்டுக்கு வருவது எனக்குத் தேவையாக இருந்தது. அந்தம்மாவுக்கு இது தெரியும். யாருக்கு எது பசி என்று கண்டுபிடிப்பதில் அந்தம்மா கெட்டி.

சேலைக் கதையைச் சொல்லாமல் விட்டால் பாவம். வேலூர் லாங் பஜாரில் ஒரு ஜவுளிக் கடை. வீட்டில் காட்டிவிட்டு முடிவு சொல்வதாக மூன்று பட்டுச்சேலை எடுத்து வருவார். பழகிய கடை, கொடுத்து அனுப்புவார்கள். மூன்றில் ஒன்றை உறவுக்காரர் கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போவார், விலைச்சீட்டை உள்பக்கம் மடித்துச் செருகிக்கொண்டு. மறுநாள் மூன்றும் கடைக்குத் திரும்பும். ஒரு தடவை திருப்பிக் கொடுக்க என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கடைக்காரர் ஒரு சேலையைப் பிரித்தார். கொசுவத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கத்திரிக்காய்க் குழம்பின் எண்ணெய். ஆம்பூர் பிரியாணிக்கு எந்தக் கத்திரிக்காயைத் தொட்டுக்கொள்வார்களோ அதே கத்திரிக்காய். கடை முழுக்க வாசனை.

“எடுத்துட்டு போகும்போதே இருந்துச்சு. நீங்க கவனிக்கல” என்றார் அந்தம்மா. முகத்தில் ஒரு கோடு மாறவில்லை. கடைக்காரர் சேலையை மூக்கின் பக்கம் கொண்டுபோய், மெதுவாகக் கீழே வைத்தார். அந்தம்மா அதற்குள் அடுத்த அடுக்கைக் காட்டி, அந்த மாம்பழக் கலரை எடுங்கள் பார்ப்போம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஷூ கதையும் இதே ரகம்தான். கம்பெனிகளில் சின்னக் குறை என்று ஒதுக்கிய ஏற்றுமதி ஷூக்களை வீடு வீடாகக் கொண்டுவந்து விற்கும் ஒரு அம்மா உண்டு. அவரிடம் அந்தம்மா ஒரு ஜோடியை எடுத்து வார்டில் போட்டுக்கொண்டு நடப்பார். அடி தேய்ந்ததும், “கடிக்குது” என்று திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த ஜோடி. வெளிநாட்டில் எந்த ராணியும் அத்தனை ஷூ போட்டிருக்க மாட்டாள். கடைசியில் ஷூ விற்கிறவர் ஆஸ்பத்திரிப் பக்கமே வருவதை நிறுத்திக்கொண்டார்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம். சிரிப்பு நின்றுபோன இடம் ஒன்று உண்டு. அந்தம்மாவுக்கு ஒரே மகன். அவனுக்குப் பெண் பார்க்கிறேன் என்று குடியாத்தம், வாணியம்பாடி, ஆற்காடு என்று வீடு வீடாகப் போய்ச் சொஜ்ஜி, பஜ்ஜி தின்றார். குடியாத்தத்தில் லுங்கி நெசவு செய்யும் ஒரு குடும்பம். பெண்ணைப் பாடச் சொல்லி, நடக்கச் சொல்லி, தறியில் உட்கார்ந்து காட்டச் சொல்லி எல்லாம் பார்த்துவிட்டு, “பாத்துட்டு சொல்லி அனுப்பறோம்” என்று எழுந்து வந்தார். சொல்லி அனுப்பவே இல்லை. அவர்கள் வேறு இடம் பார்க்காமல் காத்திருந்தார்கள். அந்தப் பெண்ணின் அப்பா ஒருநாள் ஆஸ்பத்திரிக்கே வந்து, வெளியே வேப்பமரத்தடியில் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தம்மா பின்வாசல் வழியாகப் போய்விட்டார். அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். “ஒண்ணு இல்லைன்னாவது சொல்லச் சொல்லும்மா” என்றார் அவர். இதைக்கூட அந்தம்மாவிடம் போய்ச் சொன்னேன். “சொல்லலாம், சொல்லலாம், பாக்கலாம்” என்றார். மகன் பிறகு ஓசூரில் தானாகவே ஒரு கல்யாணம் செய்துகொண்டான் என்று கேள்வி. அம்மாவை அழைக்கவில்லையாம். புத்திசாலி.

ஒன்றைச் சொல்லாவிட்டால் நான் பொய் சொன்னவளாவேன். நரம்பு பிடிப்பதில் அந்தம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. நான் இரண்டு தடவை தவறவிட்ட கையில், பேசிக்கொண்டே ஒரே குத்தில் ஏற்றிவிடுவார். வேலை தெரியாதவர் என்றால் மன்னித்திருப்பேன். வேலை தெரிந்தவர் என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

இன்னொன்றும் தரை துடைக்கிற அக்காதான் சொன்னார். அந்தம்மா அங்கே வந்து எவ்வளவோ வருஷமாகியும் பெரிய டாக்டர் வேலை உத்தரவு என்று ஒரு காகிதம் கொடுக்கவே இல்லையாம். கேட்கும்போதெல்லாம் “பாக்கலாம்மா” என்றே சொல்லி அந்த மனிதர் காலத்தை ஓட்டிவிட்டாராம். இதைக் கேட்டு எனக்கு இரக்கம் வர வேண்டும். வரவில்லை. சூடு பட்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். இந்தப் பூனை அடுப்பை வாங்கி வைத்து மற்றவர்களுக்குச் சூடு போட்டது.

திராட்சையில் இருந்து மருமகள் வரைக்கும் ருசி பார்க்காமல் எதையும் தொடாத அந்தம்மா, பார்த்தே தீர வேண்டிய ஒன்றை மட்டும் பார்க்க மாட்டார். ஆன்டிபயாட்டிக் ஊசி போடுவதற்கு முன்னால் தோலில் ஒரு துளி போட்டு, அரை மணி நேரம் உட்கார வைத்து, தடிப்பு வருகிறதா, அரிப்பு வருகிறதா என்று பார்க்க வேண்டும். டெஸ்ட் டோஸ். மருந்து ஒத்துக்கொள்ளாத உடம்பென்றால் மூச்சே நின்றுவிடும், நாங்கள் படித்தது அப்படி. அந்தம்மா அதைச் செய்ய விடமாட்டார். அரை மணி நேரம் ஒரு கட்டில் அடைபடும், வெளியே கூட்டம் சேரும், சின்ன டாக்டர் ஏன் லேட் என்று கேட்பார். “நான் பாக்காத ஒடம்பா? மூஞ்சிய பாத்தே சொல்லிடுவேன்” என்பார். வசதியானவர்கள் காரில் வந்தால் மட்டும் டெஸ்ட் டோஸ் உண்டு. கம்பெனி ஆட்கள், கூலி ஆட்கள் என்றால் நேராக ஊசி.

பொங்கலுக்குக் கொஞ்ச நாள் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஷூ கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஸ்டிச்சிங் மெஷினின் ஊசி விரலில் இறங்கி, சீழ் வைத்து, கை மணிக்கட்டு வரைக்கும் வீங்கியிருந்தது. சின்ன டாக்டர் பார்த்துவிட்டு நரம்பில் போடும் ஆன்டிபயாட்டிக் எழுதி, ஸ்கேன் அறைக்குப் போனார். அவளுக்கு உணவு இடைவேளை முடிவதற்குள் கம்பெனியில் தன் மெஷினுக்கு முன்னால் போய் உட்கார வேண்டும். நான் அவள் கையில் ஊசி ஏற்ற வழி செய்துவிட்டு, மருந்தைக் கரைத்துப் பெரிய சிரிஞ்சில் எடுத்து, அதிலிருந்து டெஸ்ட் டோஸுக்குத் துளி மருந்தைத் தனியாக எடுத்தேன். அரை மணி நேரம் உட்கார், அக்கா, கம்பெனிக்கு நான் போன் பண்ணச் சொல்கிறேன் என்றேன். அவள் முனகினாள், ஆனால் உட்கார்ந்தாள்.

அந்தம்மா வந்தார். கூட்டத்தைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். “ஏ ட்ரையலு, இன்னா வேடிக்க?” என்று கேட்டு, பெரிய சிரிஞ்சை என் கையிலிருந்து வாங்கினார். டெஸ்ட் டோஸ் இன்னும் போடவில்லை, அம்மா என்றேன். காதில் விழாதவர் மாதிரி மொத்த மருந்தையும் ஏற்றிவிட்டு, “அவ்ளோதான், எழுந்து போ” என்று அவளிடம் சொன்னார்.

அவள் எழுந்தாள். கதவு வரைக்கும் போகவில்லை. கழுத்தைச் சொறிந்தாள். உதடு எங்கள் கண் முன்னால் வீங்கியது. மூச்சு சீழ்க்கை மாதிரி இழுத்தது. நான் தாங்கிப் பிடித்துக் கட்டிலில் கிடத்தி, காலைத் தூக்கி வைத்தேன். பிபி கீழே போய்க்கொண்டிருந்தது. அதை முறிக்க அட்ரினலின் போட வேண்டும், உடனே போட வேண்டும். அவசர மருந்துத் தட்டு அந்தம்மாவின் பக்கத்தில்தான் இருந்தது. அதைத் தள்ளுங்கள் என்றேன்.

அந்தம்மா தட்டின் மேல் கையை வைத்தபடி நின்றார். முகத்தில் ரத்தம் இல்லை.

“இரு, டாக்டர கேட்டு பாக்கலாம்” என்றார்.

அந்த இடத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. இந்த மாநிலத்தில் நான் நர்ஸே இல்லை. டாக்டர் சொல்லாமல் ஒரு ஊசி போட்டு, அவளுக்கு ஏதாவது ஆனால், பதிவு என்பது இந்த ஜன்மத்தில் கிடையாது. இங்கே மட்டுமில்லை, கர்நாடகாவில் வாங்கியதும் போய்விடும். ஆனால் மூச்சு நின்றுகொண்டிருக்கிறவள் முன்னால் உட்கார்ந்து அதை யோசிக்க முடியாது. தரை துடைக்கிற அக்காவை டாக்டரிடம் ஓடச் சொன்னேன். அந்தம்மாவின் கையைத் தட்டிவிட்டு, மருந்தை உடைத்து, அவள் தொடையில் போட்டேன். ஆக்சிஜன் வைத்தேன். டிரிப்ஸை மாட்டி முழு வேகத்தில் திறந்துவிட்டேன். அவள் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

சின்ன டாக்டர் ஓடிவந்தபோது அவள் மூச்சு கொஞ்சம் திரும்பியிருந்தது. அவர் இன்னொரு ஊசி சொன்னார், போட்டேன். கொஞ்ச நேரத்தில் உதட்டின் நிறம் வந்தது. அதற்குள் செய்தி கேட்டுக் கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்து வாசலில் கூடிவிட்டார்கள். என்ன நடந்தது என்று அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, யார் இந்த ஊசி போட்டது என்று கேட்டார்.

“ட்ரையல்ல வந்திருக்கிற பொண்ணு, டாக்டர்” என்றார் அந்தம்மா. “டெஸ்ட் டோஸ் போடாம போட்டுட்டா. அப்பறம் உங்கள கேக்காம அட்ரினலினையும் எடுத்து போட்டா. இவளுக்கு இங்க ரெஜிஸ்ட்ரேஷனே இல்ல.”

அந்தம்மா ஒரு விஷயத்தை இவ்வளவு தெளிவாக, இழுக்காமல் சொல்லி நான் அதுவரைக்கும் கேட்டதில்லை. ஒருத்தியைக் குழியில் தள்ள வேண்டுமென்றால் மட்டும் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டியதில்லை போலிருக்கிறது. அழுதுவிடுவேனோ என்று பயந்தேன், அதுவும் அந்தம்மா முன்னால்.

வாசலில் நின்றவர்களில் ஒருவர், பதிவு இல்லாத பெண்ணையா ஊசி போட விட்டீர்கள் என்று சத்தமாகக் கேட்டார். போலீஸ் என்று யாரோ சொன்னார்கள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் டெஸ்ட் டோஸுக்கு எடுத்ததையும், அம்மா என் கையிலிருந்து வாங்கிப் போட்டதையும் சொன்னேன். அட்ரினலின் போட்டது நான்தான், கேட்க நேரமில்லை என்றும் சொன்னேன்.

டாக்டர் அந்தம்மா பக்கம் திரும்பினார். “மொத ஊசிய நீங்க போட்டீங்களா, இல்லையா?”

நேரான கேள்வி. ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரே வார்த்தைதான் பதில். அந்தம்மா கோட்டின் பொத்தானைத் திருகினார். என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

“ஒரே கூட்டமா இருந்துச்சு டாக்டர்” என்றார். “எதுக்கும் பாத்துட்டு சொல்றேன்.”

கட்டிலில் அசைவு தெரிந்தது. அவள் வீங்காத கையால் ஆக்சிஜன் மாஸ்க்கை முகத்திலிருந்து இழுத்தாள். பேசாதே என்று நான் போய்ப் பிடிப்பதற்குள் பேசிவிட்டாள். குரல் கரகரவென்று வந்தது. வாசல் வரைக்கும் கேட்டது.

“இன்னாத்த பாக்கப் போற? நான்தான் இங்க கெடக்கறேனே, என்ன பாரு. உக்காரு, அர மணி நேரம் இருந்துட்டு போன்னு சொன்னது இந்த பொண்ணு. புடுங்கி போட்டது நீ.”

டாக்டர் அந்தம்மாவிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும், ‘பாக்கலாம்மா’ என்றே காலத்தை ஓட்டிய பெரிய டாக்டரின் பிள்ளைதானே அவரும். வாசலுக்குப் போய்க் கம்பெனிக்காரர்களிடம், தவறு எங்களுடையது, அட்ரினலின் நேரத்துக்குப் போட்டதால்தான் உயிர் பிழைத்தது என்று மட்டும் சொன்னார். அது எனக்குப் போதுமாக இருந்தது. பிறகு திரும்பி வந்து, என் முகத்தைப் பார்த்து, “பிபி இன்னொரு தடவ பாருங்க, சிஸ்டர்” என்றார்.

இந்த ஊருக்கு வந்து ஒரு டாக்டர் என்னை அப்படிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். நான் கருவியை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போனேன். அந்தம்மா இன்னும் கட்டிலை ஒட்டி, வழியை மறித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“கொஞ்சம் தள்ளுங்க” என்றேன்.

தள்ளி நின்றார்.